பெயர் சொல்லி நடப்போம்: ஜூன் விடுமுறைக்கு மூன்று நடைகள்



‘நான் சென்ற பூங்கா’ என்று தலைப்புக் கொடுத்தால் கட்டுரைத் தாளில் என்ன வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். கண்ணைக் கவரும் வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கும். தென்றல் உடலை வருடும். குயில் இன்னிசை எழுப்பும். மரங்கள் பச்சைப் பசேல் எனக் காட்சியளிக்கும். எழுத்துப்பிழை இருக்காது, சந்திகூடச் சரியாக இருக்கும். ஆனால் அந்தப் பூங்கா எங்கே இருக்கிறது? ஈசூனிலா, ஈப்போவிலா, ஊட்டியிலா? முப்பது தாளைத் திருத்தினால் முப்பதிலும் ஒரே தென்றல்தான் வீசும்.

அந்தக் குயிலையே எடுத்துக்கொள்வோம். நம் அடுக்குமாடி வீடுகளின் பக்கத்தில் அது விடியற்காலையிலேயே கூவத் தொடங்கிவிடும். கூவலின் சுருதி ஏறிக்கொண்டே போகும். தூக்கம் கெட்டுப் புகார் செய்தவர்களும் உண்டு. அப்படிக் கூவுவது ஆண் குயில். பளபளக்கும் கறுப்பு உடல், சிவந்த கண். பெண் குயில் கறுப்பே இல்லை. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெண்புள்ளி. கூடு கட்டத் தெரியாமல் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இவ்வளவு சுவையான பறவை நம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்போது, மனப்பாடம் செய்த குயில் எதற்கு?

வருணனை நன்றாக அமைய நேரில் பார்த்திருக்க வேண்டும். பார்த்தது மனத்தில் நிற்க, பார்த்த பொருளுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். இதில் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒரு கவலையும் உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் என்பது வகுப்பறைக்குள் மட்டும் பேசும் மொழியாகிவிடுகிறது. மரத்தடியில் நின்று, ஆற்றோரம் நின்று, ‘அங்கே பாரு’ என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்க அவர்களிடம் தமிழ்ச் சொல் இல்லை. இந்த ஜூன் விடுமுறையில் அதற்கு ஒரு வழி பார்ப்போம். ஒரு தோட்டம், ஒரு காட்டுப்பாதை, வெளியிடக் கலையைப் பார்க்க ஒரு நடை என மூன்று நடைகளை இங்கே தருகிறோம்.

புறப்படுவதற்கு முன்

நம் ஊரில் கோடை என்று தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். மே, ஜூன் மாதங்களில் புழுக்கம் சற்றுக் கூடுதல். அதனால் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். நண்பகல் நடை வேண்டாம். இந்த மாதங்களில் சில நாள் விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் சூறைக்காற்று மழையோடு வரும். இடி மின்னல் இருந்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, ஒரு சின்ன நோட்டு, பென்சில். கைத்தொலைபேசி இருக்கட்டும், ஆனால் ஒரு மரத்துக்கு ஒரு படம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது படம் எடுத்த பிள்ளை எதையும் பார்த்திருக்காது.

முடிந்தால் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள். ஏன் என்பது முதல் நடையிலேயே தெரியும்.

முதல் நடை: பூமலை

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ‘பூமலை’. எம்ஆர்டி நிலையத்திலும் தமிழில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் பிள்ளைகளிடம் முதலில் இதைக் காட்டுங்கள். ‘தாவரவியல் பூங்கா’ என்பது மொழிபெயர்ப்பு. ‘பூமலை’ என்பது இங்கே வாழ்ந்தவர்கள் வாயில் உருவான பெயர்.

தோட்டம் இப்போதிருக்கும் இடத்தில் 1859-இல் தொடங்கப்பட்டது. 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு.

ஒரு நடைக்கு ஐந்து மரம் போதும். இவற்றைத் தேடிப் பாருங்கள்.

*தூங்குமூஞ்சி மரம்.* நம் சாலைகளிலும் குடை விரித்ததுபோல் நிற்பது இதுதான். மாலையிலும், மழைக்கு இருட்டிக்கொண்டு வரும்போதும் இலைகளை மடக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பெயர். மலாயில் இதை ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள உயிரணுக்களில் நீர் ஏறினால் இலை விரியும், இறங்கினால் மடங்கும். புல்தரையில் இருக்கும் தொட்டாற்சிணுங்கியும் இப்படித்தான் இயங்குகிறது. இந்த மரம் நம் மண்ணில் தோன்றியதில்லை. தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 1876-இல் சிங்கப்பூருக்கு வந்தது. முதல் பாட வேளையில் கொட்டாவி விடும் நண்பனைத் ‘தூங்குமூஞ்சி’ என்று கிண்டல் செய்திருப்பீர்கள். அந்தப் பெயருடைய மரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

*நாகலிங்க மரம்.* இதன் பூ கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாக வெளிவரும். பூவின் நடுவே படமெடுத்த பாம்புபோல் ஒரு வளைவு, அதன் கீழே சிறு மேடு. பெயர்க்காரணம் பார்த்தவுடன் புரிந்துவிடும். காய் பீரங்கிக் குண்டு அளவில் உருண்டையாகத் தொங்கும். பூ மணக்கும், உடைந்த பழமோ நாறும். அடிமரத்தில் பூத்துக் காய்ப்பது இந்த மரம் மட்டும்தானா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ‘வேரில் பழுத்த பலா’ என்று நாம் சொல்வது எதனால் என்று யாராவது ஒருவருக்குப் பளிச்சென்று தோன்றும்.

*டெம்புசு.* 5 வெள்ளி நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உருவப்பட வரிசை நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மரம் இருக்கிறதே, அது இங்கேதான் நிற்கிறது. தோட்டம் தொடங்குவதற்கு முன்பே இருந்த மரம் என்று கருதப்படுகிறது. தரையை ஒட்டி நீண்டு கிடக்கும் அதன் கிளைதான் அடையாளம். மே, ஜூன் மாதங்களில் டெம்புசு பூக்கும். மாலையில் வாசம் பரவும். இதற்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டாம். டுரியானும் ரம்புத்தானும் மலாயிலிருந்து நம் தமிழுக்கு வந்து தங்கிவிட்டதுபோல, டெம்புசுவும் தங்கட்டும்.

*ஆனைக்குன்றிமணி.* மரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிடத் தரையைக் குனிந்து பார்த்தால் எளிதில் அடையாளம் காணலாம். பளபளவென்று சிவந்த, தட்டையான விதைகள் சிதறிக் கிடக்கும். மலாயில் ‘சாகா’. பொன் நிறுக்க எடைக்கல்லாகப் பயன்பட்ட விதை இது. ‘குன்றிமணி அளவு தங்கம்கூட இல்ல’ என்று பாட்டி சொல்வதில் வருவது இதைவிடச் சிறியது. முக்கால் சிவப்பும் கால் கறுப்புமாக இருக்கும் கொடியின் விதை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொடியின் விதை கடும் நஞ்சு.

*ரப்பர் மரம்.* பூமலைக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் இந்த மரத்தின் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் தோட்டத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ஆராய்ந்து வகுத்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தியதால் அவரைக் ‘கிறுக்கு ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயா முழுதும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் வந்தார்கள்.

நம் தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தாக்களில் எத்தனையோ பேர் இந்த மரத்தை நம்பிக் கடல் தாண்டியவர்கள். இந்த இடத்தில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ பேச்சுக் கொடுங்கள். ‘பெரட்டு’ என்றால் என்ன, ‘மங்கு’ என்றால் என்ன, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று கேளுங்கள். பெரட்டு என்பது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். மங்கு என்பது மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம். இவை அகராதியில் தேடிப் படிக்கும் சொற்களாக ஆகிவிடுவதற்கு முன், சொன்னவர் வாயிலிருந்தே பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

வெளியே வரும் வழியில் ஊஞ்சலாடும் சிறுமியின் வெண்கலச் சிற்பத்தைப் பாருங்கள். செய்தவர் சிட்னி ஹார்ப்லி என்ற ஆங்கிலேயச் சிற்பி. தோட்டத்துக்கு அன்பளிப்பாகத் தந்தவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். அசையாத உலோகம், ஆனால் ஊஞ்சல் ஆடுவதுபோலத் தெரிகிறது. எது அப்படித் தோன்ற வைக்கிறது? கால் நீட்டமா, பின்னால் சாய்ந்த தலையா, கயிற்றின் சாய்வா? பதிலை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் நடை: மெக்ரிட்சி காட்டுப்பாதை

பூமலை மனிதர் நட்டு வளர்த்த தோட்டம். மெக்ரிட்சியிலோ நாம் காட்டுக்குள் நடக்கிறோம். 1868-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், அதைச் சுற்றிலும் காடு. மரங்களின் தலைக்கு மேல் செல்லும் தொங்குபாலம் 2004-இல் திறக்கப்பட்டது. நீளம் 250 மீட்டர், மிக உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். ஒரு திசையில் மட்டுமே நடக்க முடியும்; திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆனால் பொது விடுமுறையாக இருந்தால் திறந்திருக்கும். போய்வர அரை நாள் ஆகும் என்பதால் பாலம் உயர்நிலை மாணவர்களுக்குத்தான் ஏற்றது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நீரோரமாகச் செல்லும் பலகைப் பாதையே போதும்.

பாதைகளின் பெயர்களைக் கவனியுங்கள்: பெத்தாய், ஜெரிங், செம்பராய். எல்லாம் மரப் பெயர்கள். சம்பாலில் போட்டுச் சாப்பிடும் பெத்தாய்க் கொட்டை ஒரு பெரிய மரத்தில் காய்ப்பது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

காட்டுக்குள் நுழைந்ததும் வெப்பம் குறையும். ‘சில்லுனு இருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். மேலே இலைகள் பல அடுக்காக வெயிலைத் தடுக்கின்றன. இலைகள் நீராவியை வெளிவிடும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. தரையில் உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பல இலைகளின் நுனி வால்போல நீண்டிருக்கும். மழைநீர் இலைமேல் தங்காமல் அந்த வால் வழியே சொட்டிவிடும். பெரிய மரங்களின் அடியில் சுவர்போல எழும்பி நிற்பவை பலகை வேர்கள். காட்டு மண்ணில் சத்து மேலடுக்கில்தான் இருக்கிறது. வேர் ஆழமாகப் போகாமல் அகலமாகப் பரவி, மரம் சாயாமல் தாங்குகிறது.

அடுத்து இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நில்லுங்கள். நின்ற பிறகு கேட்ட ஒலிகளை எழுதுங்கள். சிள்வண்டின் இரைச்சல் முதலில் வரும். அது சில நேரம் ரம்பம் அறுப்பதுபோல இருக்கும். வாலில் இரண்டு துடுப்புகளை இழுத்துக்கொண்டு பறக்கும் துடுப்புவால் கரிச்சானைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும் கள்ளப் பறவை அது. நீரோரத்தில் நீர் உடும்பு வெயில் காயும். மீன்கொத்தி ஒரு கிளையில் அசையாமல் காத்திருக்கும். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொலுகோவைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். பெயரில் ஆங்கிலத்தில் லெமூர் ஒட்டிக்கொண்டாலும், அது லெமூரும் இல்லை, குரங்கும் இல்லை. கைகால்களுக்கு இடையே விரியும் தோலால் மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் விலங்கு.

உண்மையான குரங்குகளும் வரும். பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்திருக்காதீர்கள். உணவு கொடுக்காதீர்கள்; காட்டு விலங்குக்கு உணவு தருவது சட்டப்படி குற்றம். குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்க வேண்டாம். கண்ணை நேராகப் பார்க்காமல் அமைதியாக விலகிச் செல்லுங்கள். இதுகூட வாய்மொழித் தேர்வுக்கு உதவும். ‘காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது சரியா?’ என்ற கேள்விக்கு, அங்கே நின்று பார்த்த பிள்ளை சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாம் நடை: ஆற்றங்கரையிலிருந்து தேக்கா வரை

கலையைப் பார்க்க எப்போதும் அரும்பொருளகத்துக்குள் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கெவனா பாலத்துக்கு அருகே ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். சோங் ஃபா சியோங் என்ற சிங்கப்பூர்ச் சிற்பி 2000-இல் செய்த வெண்கலச் சிற்பம் அது. ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் உண்மையிலேயே இப்படிக் குதித்து நீந்தினார்கள். படகுகளும் கிடங்குகளும் நிறைந்த ஆறு நாளடைவில் நாறிப்போனது. 1977-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் பாடுபட்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆறு தெளிந்தது, ஆனால் குதிக்கும் பிள்ளைகள் இல்லை. சிற்பம் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆற்றங்கரையில் தொடர்ந்து நடந்தால் வணிகர்களின் சிற்பம் வரும். பேரம் பேசும் பெரியவர்களின் பக்கத்தில், மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றும் சீன, இந்தியத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இன்னொரு சிற்பம் அன்றைய செட்டியாரையும் இன்றைய நிதித்துறைக்காரர்களையும் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. பக்கத்திலுள்ள மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் நம்மவர்கள் ‘செட்டித் தெரு’ என்று அழைத்தார்கள். கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் பாய் விரித்து, சின்னப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய இடம் அது. இப்போது அங்கே கண்ணாடிக் கோபுரங்கள்.

கிளார்க் கீ நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் லிட்டில் இந்தியா. நம் பேச்சில் அது இன்னும் தேக்காதான். கெர்பாவ் சாலையில் நடக்கும்போது அந்தப் பெயரின் பொருளைக் கேளுங்கள். மலாயில் ‘கெர்பாவ்’ என்றால் எருமை. பக்கத்தில் ‘பஃபலோ’ சாலை, அதுவும் எருமைதான். ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் நடந்தது. தண்ணீரும் புல்லும் உள்ள சதுப்பு நிலம் அதற்கு வசதியாக இருந்தது. பெலிலியோஸ் என்ற பெயரும் ஒரு மாட்டு வியாபாரியுடையதே. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டிய, பல வண்ணம் பூசிய சீன வணிகர் வீடு ஒன்றும் இருக்கிறது. தேக்காவில் தமிழர் மட்டும் வாழவில்லை என்பதை அந்த வீடே சொல்லிவிடும்.

வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் பெலிலியோஸ் சந்தில் பழைய தொழில்களைக் காட்டும் பெரிய சுவரோவியம் இருக்கிறது. கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே விற்பவர். இவர்களில் யாரை இன்னும் தெருவில் பார்க்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பூ கட்டுபவர் சில அடி தள்ளி உண்மையிலேயே உட்கார்ந்திருப்பார். கிளி ஜோசியரைத் தேட வேண்டியிருக்கும். பூக்கடையில் நின்று ‘சரம்’, ‘மாலை’, ‘முழம்’, ‘நார்’ என்ற நான்கு சொற்களைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவரோவியம் வெயிலிலும் மழையிலும் மங்கும். சுவருக்குச் சொந்தக்காரர் மாறினால் மறைந்தும் போகும். அதனால் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது.

பார்த்ததை எழுத்தாக்குவது எப்படி?

ஒரு பொருளுக்கு நான்கு கேள்விகள் போதும்.

1. இதன் பெயர் என்ன?
2. எதைப் பார்த்தேன், கேட்டேன், முகர்ந்தேன்?
3. ஏன் அப்படி இருக்கிறது?
4. இது எனக்கு எதை நினைவூட்டுகிறது?

நான்குக்கும் ஒவ்வொரு வரி எழுதினால் ஒரு பத்தி தயார். எடுத்துக்காட்டுக்கு இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

*முன்:* மரங்கள் பச்சைப் பசேல் எனக் கண்ணுக்கு விருந்தளித்தன.

*பின்:* மாலை ஆறரை மணிக்குத் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடக்கிக்கொண்டது. அதுவரை நிழலாக இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

இரண்டாவதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிப்பவர் அந்த மரத்தடியில் வந்து நின்றுவிடுகிறார்.

இது புதிய உத்தி ஒன்றுமில்லை. நம் சாலைகளில் நிற்கும் அங்சானா மரம், வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. திடீரென்று ஒரே நேரத்தில் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்து, நடைபாதையை மஞ்சளாக்கிவிடும். குறுந்தொகையின் 47-ஆம் பாட்டில், வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை நிலவொளியில் புலிக்குட்டிபோலத் தெரிவதாகப் புலவர் சொல்கிறார். கரிய பாறையில் மஞ்சள் பூ; புலியின் கோடுகள். அந்தப் பாட்டில் வரும் நிலவைக் கொண்டே அவருக்கு நெடுவெண்ணிலவினார் என்ற பெயர் அமைந்தது. அவர் பார்த்ததை எழுதினார். நம் மாணவர் அங்சானாப் பூ உதிர்ந்த கார்க் கூரையைப் பார்த்து வேறொன்றை எழுதலாம். உயர்நிலை மாணவர்களுக்கு இலக்கியப் பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

வாய்மொழித் தேர்வுக்கு

காணொளியைப் பார்த்துப் பேசும் பகுதியில் பூங்காவும் சுற்றுச்சூழலும் அடிக்கடி எதிர்பார்க்கக்கூடிய தலைப்புகள். இங்கே பேச்சுத் தமிழில் பேசலாம். எழுத்துத் தமிழை ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘உனக்குப் பூங்காவுக்குப் போகப் பிடிக்குமா?’ என்ற கேள்விக்கு இப்படிப் பதில் வந்தால் எப்படி இருக்கும் பாருங்கள்.

“பிடிக்கும் டீச்சர். லீவுல எங்க பாட்டியோட பூமலைக்குப் போனேன். அங்க ரப்பர் மரத்தப் பாத்ததும் பாட்டி அப்படியே நின்னுட்டாங்க. அவங்க சின்ன வயசுல ஜொகூர்ல தோட்டத்துல இருந்தாங்களாம். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அவங்க அம்மாகூடப் பால் வெட்டப் போவாங்களாம். மரத்துல கட்டுற கிண்ணத்துக்கு மங்குன்னு பேரு. அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். இந்த மாதிரி மரத்தையெல்லாம் வெட்டாம வச்சிருக்கணும்னு நான் நெனைக்கிறேன். ஏன்னா, மரம் இல்லன்னா பாட்டிக்கு அந்தக் கதை ஞாபகம் வந்திருக்காது.”

இது மாதிரிக்காக எழுதியது. இதில் கருத்து, காரணம், சொந்த அனுபவம் மூன்றும் இருக்கின்றன. ‘பூங்காக்கள் நம் நாட்டின் நுரையீரல்’ என்ற மனப்பாட வரி தேவைப்படவில்லை. இந்தப் பதிலையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள், மாணவர்களே. உங்கள் பாட்டிக்கு வேறு கதை இருக்கும்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

நடையின்போது பிள்ளை ஆங்கிலத்தில் வியந்தால் தடுக்காதீர்கள். வியப்பு முதலில் வரட்டும், சொல்லை அடுத்த நிமிடம் கொடுங்கள். ‘தமிழில் சொல்’ என்று அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். மரத்தைப் பார்ப்பதும் நின்றுவிடும்.

தமிழ்ப் பெயர் இல்லாத மரத்துக்கு அங்கேயே புதுச்சொல் உருவாக்க வேண்டாம். மலாய்ப் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அதே நேரம், வழக்கில் இருக்கும் பெயரை விட்டுவிடவும் வேண்டாம். மேம்பாலங்களின் ஓரத்தில் தொங்கும் காகிதப்பூ, கோவில் வாசலில் உதிரும் ஈழத்தலரி, கடற்கரையில் அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் நாட்டு வாதுமை ஆகியவை தினமும் கண்ணில் படுபவை. காகிதப்பூவில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, நிறம் மாறிய இலை என்று காட்டுங்கள். நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குழல்தான் பூ. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வார்கள்.

எல்லாப் பெற்றோராலும் வார இறுதியில் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்ல முடியாது. வேலை நேரம் அப்படி. அந்தப் பிள்ளைகளுக்குப் பூமலை கட்டாயம் இல்லை. புளோக்குக்குக் கீழே நிற்கும் ஒரே ஒரு மரத்தை நான்கு வாரம் தொடர்ந்து பார்த்து வரச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு வரி, மொத்தம் பதினாறு வரி. பல இடங்களைச் சுற்றி வந்த பிள்ளையைவிட இந்தப் பிள்ளையின் கட்டுரை சிறந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

திருத்தும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். வழக்கமான மதிப்பெண் பட்டியலோடு, ‘இந்த மாணவர் மட்டுமே எழுதியிருக்கக்கூடிய வரி’ ஒன்றின் கீழே பச்சை மையில் கோடிடுங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் தாளில் ‘எங்கே பார்த்தாய்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள ஐந்து செடி, கொடி, மரங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுக. பெயர் தெரியாததை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுக.
2. இரண்டு நிமிடம் கண்ணை மூடி ஓரிடத்தில் அமர்ந்து கேட்ட ஒலிகளை மட்டும் வைத்து 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுக. ‘இனிமை’, ‘அழகு’, ‘ரம்மியம்’ ஆகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது.
3. ஆற்றங்கரைச் சிற்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள ஒருவர் இன்றைய சிங்கப்பூரைப் பார்த்துப் பேசுவதுபோல ஓர் உரையாடல் எழுதுக.
4. ‘பழைய தொழில்களைச் சுவரில் வரைந்தால் போதுமா?’ இக்கேள்வி குறித்து இரண்டு நிமிடம் பேசுக.

விடுமுறை நான்கு வாரம்தான். துணைப்பாட வகுப்பும் பயிற்சித் தாளும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் கொண்டு வரும் மரப் பெயர்களையும் தோட்டச் சொற்களையும் வகுப்பு ஏட்டில் தொகுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாதையில் நடக்கப்போகும் மாணவர்களுக்கு அதுவே பாடநூலாகும்.